பதினொரு கம்ப்யூட்டரையும் இரும்புக்கடைக்கு அனுப்பும் முன்: எங்கள் ஊர்ச் சங்கப் படிப்பகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மீனவர் சங்கத் தலைவர் அவர்களுக்கும் படிப்பகக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட தீர்மானத்தை நோட்டீஸ் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படிப்பகத்தில் இருக்கும் 11 கம்ப்யூட்டரையும் ‘காலாவதியானவை’ என்று எழுதி எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் 6 வாங்கப் போகிறீர்கள். ஒன்று 49,000 ரூபாய், மொத்தம் 2,94,000. அதற்காக விசைப்படகுக்கு இவ்வளவு, நாட்டுப்படகுக்கு இவ்வளவு என்று வரியும் போட்டாகிவிட்டது.

அந்த 11 மெஷினையும் 2021லிருந்து தினமும் சாயங்காலம் 5 மணி முதல் 8 மணி வரை சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே வந்து உட்காரும் பிள்ளைகளையும் கேட்கவில்லை, கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் குழுவையும் கேட்கவில்லை. நேரில் பார்த்தால் உங்களில் பாதிப் பேரை நான் மாமா, சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் இது ஊர்ப் பணம், ஊர்ச் சொத்து பற்றிய பேச்சு. அதனால் எழுத்தில் வைக்கிறேன்.

கொட்டேஷன் கொடுத்த கடைக்காரர் உங்களிடம் இரண்டு விஷயம் சொன்னாராம். விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, இந்தப் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. இரண்டுமே உண்மை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10க்குத் தரும் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி நம்மிடம் இல்லை. பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது, நம்முடையது நான்காம் தலைமுறை ஐ3. ஆனால் கடைக்காரர் படிப்பகத்துக்குள் வந்து ஒரு மெஷினையாவது போட்டுப் பார்த்தாரா? பார்த்திருந்தால் 11இல் எட்டில் விண்டோஸே இல்லை என்பது தெரிந்திருக்கும். அந்த எட்டிலும் ஓடுவது லினக்ஸ் மின்ட், விண்டோஸ் போலவே மெஷினை ஓட்டும், காசில்லாமல் கிடைக்கும் ஒரு சிஸ்டம். இப்போது அதில் இருக்கும் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். நீங்கள் காலாவதி என்று எழுதிய மெஷின்கள் நேற்று சாயங்காலம் கூட அப்டேட் வாங்கிக்கொண்டுதான் அணைந்தன.

அந்த எட்டுக்கும் லினக்ஸ் எப்படி வந்தது என்று குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. சொல்கிறேன்.

மதுரையில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மெஷின்களை 2019இல் சங்கம் வாங்கி வந்தது. அப்போது ஒருவர் வந்து, மெஷினுக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பதினொன்றிலும் காப்பி விண்டோஸ் ஏற்றிவிட்டுப் போனார். மூன்று மெஷினின் பக்கவாட்டில் ஒரிஜினல் லைசென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதையும் பார்க்காமல் அழித்து ஏற்றினார். காப்பி என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்டேட்டை அடைத்துவைத்தார். இரண்டு வருஷம் ஓடியது.

2021இல் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம். கீழத்தெருப் பெண் ஒருத்தி பென்டிரைவைச் செருகினாள். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், போட்டோ, கையெழுத்து எல்லாம் அதில்தான். திறந்தால் ஃபோல்டர் ஒன்றுமில்லை, வெறும் ஷார்ட்கட். அமுக்க அமுக்க ஒன்று இரண்டாகியது. அப்பா கடலில், அசல் சான்றிதழ்கள் ராமநாதபுரத்தில் சித்தி வீட்டில். அந்தப் பிள்ளை அழுததை இன்னும் மறக்கவில்லை.

என் மேஜை டிராயரில் லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவ் கிடந்தது. அதைச் செருகி மெஷினைத் திறந்தால், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே, அந்தப் பென்டிரைவிலிருந்தே முழுக் கம்ப்யூட்டரும் ஓடும். ஓடவிட்டு அவளுடைய பென்டிரைவைச் செருகினேன். எல்லா ஃபோல்டரும் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்த வைரஸ் எதையும் அழிக்கவில்லை. ஃபோல்டர்களை ‘மறைத்துவை’ என்று குறித்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்திருந்தது, அவ்வளவுதான். விண்டோஸ் பார்க்கும் அந்தக் குறிப்பை லினக்ஸ் பொருட்படுத்தவில்லை. விண்ணப்பம் மறுநாள் காலை போய்ச் சேர்ந்தது.

இதில் விண்டோஸைக் குறை சொல்ல நான் வரவில்லை. திருட்டுக் காப்பியை ஏற்றி, அப்டேட்டை அடைத்துவைத்தது நாம். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகமெங்கும் மெஷின்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டபோதும் இதே கதைதான். அது நுழைந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாத மெஷின்கள் மாட்டிக்கொண்டன. ஆகவே அன்று என் முன் இருந்த வழி இரண்டு: பணம் கொடுத்து ஒரிஜினல் விண்டோஸ் வாங்குவது, இல்லாவிட்டால் காப்பி அடிக்கவே அனுமதி கொடுத்திருக்கும் ஒன்றுக்குப் போவது. சங்கத்தில் பணம் கேட்டேன், இல்லை என்றார்கள். ஸ்டிக்கர் இருந்த மூன்றில் அந்த லைசென்ஸை வைத்தே ஒரிஜினல் விண்டோஸ் 10 ஏற்றினேன், மீதி எட்டில் மின்ட்.

அடுத்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் நாலு சம்மாட்டிகள், அதாவது படகு முதலாளிகள், சேர்ந்து கொடுத்த 12,000 ரூபாயில் அந்த எட்டுக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டினோம். முன்பு ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், இப்போது உட்கார்வதற்குள் திறந்துவிடுகிறது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் இருக்கும் கட்டடம் அது. உப்புக்காற்றில் ரேம் காலில் பச்சை பிடித்து மெஷின் கத்த ஆரம்பித்தால் பிள்ளைகளே கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிவிடுவார்கள். 49,000 ரூபாய் மெஷினுக்கும் அதே காற்றுதான் அடிக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி முத்திரை ஒட்டிய பெட்டியைத் திறக்க நம் பிள்ளைகளை விடுவார்களா?

கூட்டத்தில் பேசியவை என் காதுக்கும் வந்தன. ‘ஓசியில் கிடைக்கிறது எப்படி இருக்கும்’ என்று தலைவர் சொன்னீர்களாம். அப்படிச் சொல்லும்போது உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தது. அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுத ஆரம்பித்தது. காலையில் கடலுக்குப் போகும் முன் காற்று, அலை பார்க்கிறீர்களே, அதையும் அந்த ஓசிச் சரக்குதான் காட்டுகிறது. இதற்குத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பெயர். காசில்லாமல் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். எட்டு மெஷினிலும் ஒரே பென்டிரைவால் ஏற்றினேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை.

‘திறந்து கிடந்தால் திருடனும் உள்ளே வருவானே’ என்று ஓர் உறுப்பினர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. வந்தான். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளில், உதவி செய்பவர்போல இரண்டு வருஷத்துக்கும் மேல் கூடவே இருந்து ஒருவர் கள்ளக் கதவு வைத்துவிட்டார். சர்வரில் நுழைய அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டி, 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் பிராய்ண்ட். வேலை பார்ப்பது மைக்ரோசாப்டில்! திறந்திருந்ததால் வெளியாளான அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் தற்செயலாகத்தான் அகப்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் வாதங்களில் எனக்குப் பதில் சொல்லச் சிரமமானது ஒன்று உண்டு: ‘பிள்ளைகள் வேலைக்குப் போனால் அங்கே விண்டோஸ்தானே, டேலிதானே?’

ஆமாம். மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்குப் போனாலும், ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடைக்குப் போனாலும் கணக்கு எழுத டேலி கேட்கிறார்கள். டேலி விண்டோஸுக்காகச் செய்தது. லினக்ஸில் சுற்றுவழியாக ஓட்டிப் பார்த்தேன், சரிப்படவில்லை. போட்டோஷாப்பும் கோரல்டிராவும் லினக்ஸுக்கு இல்லை, கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணக் கற்றுக்கொள்ளும் பையனை நான் ஏமாற்ற முடியாது. கைரேகை வைக்கும் கருவி வைத்து சேவை மையம் நடத்த வேண்டுமென்றாலும் விண்டோஸ் இருந்தால்தான் நிம்மதி. இதெல்லாம் இரண்டு மெஷினுக்கான வேலை. மீதிப் பேர் படிப்பகத்தில் என்ன செய்கிறார்கள்? வருகைப் பதிவேட்டில் ‘எதற்கு வந்தார்’ என்றொரு கட்டம் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். விண்ணப்பம் போட, ஹால் டிக்கெட் எடுக்க, தடைக்கால நிவாரணப் பட்டியல் பார்க்க, மனு டைப் அடிக்க, ரயில் டிக்கெட், பாட வீடியோ. இவற்றில் முக்கால்வாசி பிரவுசருக்குள்ளேயே முடிகிற வேலை. பயர்பாக்ஸ் லினக்ஸிலும் அதேதான், விண்டோஸிலும் அதேதான்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. பதினோராம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடப்புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். விண்டோஸோடு லினக்ஸும் பாடத்தில் இருக்கிறது, ஆவணம் தயாரிக்கச் சொல்லிக்கொடுப்பது ஓபன் ஆபீஸ் ரைட்டரில். நம் மெஷின்களில் இருக்கும் லிப்ரே ஆபீஸ் அதிலிருந்தே 2010இல் பிரிந்து வந்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மாநில அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸிலிருந்து தயாரித்த தன் சொந்த லினக்ஸைத்தான் கொடுக்கிறது. நம் ஊரிலும் வந்தது, நாம்தான் கண்டுகொள்ளவில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எனக்குக் கிடைத்த மெஷினில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான நம் சி-டாக் செய்தது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரி போகும்வரை நான் ஒருநாள் கூட அதைத் திறக்கவில்லை. அது எதற்கென்று பள்ளியிலும் ஒருவர் சொல்லவில்லை.

லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் என்னவோ அடிக்க வேண்டும், நமக்கு வராது என்கிறீர்கள். பாசிக்குப் போகும் பெண்களின் குழுக் கணக்கு மூன்று வருஷமாக லிப்ரே ஆபீஸில்தான் இருக்கிறது. எழுதுபவர் எட்டாம் வகுப்போடு நின்ற அக்கா. அவர் என்னிடம் கேட்கும் ஒரே சந்தேகம், அப்டேட் பாஸ்வேர்டு கேட்டால் “பிள்ள, பூட்டுப் படம் வந்துருச்சு, சாவி சொல்லு” என்பதுதான்.

மனு டைப் அடிக்கிற விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாம் நிஜமாகவே அடிபட்டோம். பழைய ஆள் இருந்தபோது மனுக்களெல்லாம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டன. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்காரவைத்தவை. எழுத்துரு இருக்கிற மெஷினில் தமிழ், இல்லாத மெஷினில் ஆங்கிலக் கந்தல். படகு பிடிபட்ட வீட்டுக்காரர்களுக்காக அனுப்பிய மனு ஒன்று போன இடத்தில் கந்தலாகத் திறந்து, ‘திரும்ப அனுப்புங்கள்’ என்று பதில் வர நாலு நாள் ஆனது. நாலு நாள் என்பது அந்த வீடுகளில் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எல்லா மெஷினிலும் யுனிகோடு, தமிழ்99 விசைப்பலகை. போனில் திறந்தாலும் தமிழ்தான். சரி, யுனிகோடு விண்டோஸிலும் ரொம்ப வருஷமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் புது மெஷினில் ‘தமிழ் சாஃப்ட்வேர்’ என்று தனியாக 1,800 ரூபாய் கொட்டேஷனில் எதற்கு இருக்கிறது? அது தேவையே இல்லை, எந்த சிஸ்டம் வாங்கினாலும்.

லினக்ஸால் நான் பட்ட பாட்டையும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மறைத்தாள் என்று சொல்லக் கூடாது. படிப்பகத்தில் இருந்த லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் சரியான டிரைவர் கிடைக்காமல் மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஒருதரம் அடிக்கும், மறுதரம் படுத்துவிடும். கடைசியில் மச்சான் கடையில் இருந்த வேறு பிரிண்டரை வாங்கிக்கொண்டு இதை அவருக்குக் கொடுத்தேன். வாங்கும்போதே லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு வாங்கியிருந்தால் வந்திருக்காத வினை. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய வைஃபை டாங்கிள் இரண்டு ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வேலை செய்யவில்லை, கேபிள் இழுக்க வேண்டியதாயிற்று. வேர்டில் போட்ட அட்டவணை லிப்ரே ஆபீஸில் திறந்தால் சில நேரம் கோடு நகர்ந்துவிடுகிறது. அதனால் வெளியே போவதெல்லாம் பி.டி.எஃப். ஆகத்தான் அனுப்புகிறேன்.

இனி கொட்டேஷனுக்கு வருகிறேன். ‘ஆபீஸ் - ஓராண்டு’ என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த ஆண்டு யார் கட்டுவது? ஆறு மெஷினுக்கும் வருஷா வருஷம் கட்ட வேண்டிய பணம் அது. தீர்மானத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதல்முறை திறக்கும்போது இணையத்தோடு இணைத்து, ஒரு மைக்ரோசாப்ட் கணக்கில் நுழையச் சொல்லும். யாருடைய கணக்கு? ‘நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று கடைக்காரர் சொல்கிறார். அப்படியானால் அவர் கடைப் பையனின் போன் நம்பரில் ஒரு கணக்கு. இப்போதைய விண்டோஸில் அப்படிக் கணக்கோடு நுழைந்தால், மெஷின் இடம்கொடுத்தால், டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். திருட்டுப் போனால் யாரும் படிக்க முடியாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். மதர்போர்டு மாற்றினாலோ வேறு ஏதாவது கோளாறு வந்தாலோ அந்தச் சாவியைக் கேட்கும். அன்றைக்கு அந்தப் பையன் துபாயில் இருப்பான். அறுபது வீட்டுப் பெண்களின் கணக்கும் உள்ளே, சாவி துபாயில்.

ஆகவே நான் கேட்பவை இவை.

எக்ஸ்சேஞ்சை உடனே நிறுத்துங்கள். முன்பணம் கொடுக்கவில்லை என்று பொருளாளர் சொல்கிறார், எனவே இன்னும் நேரம் இருக்கிறது. லினக்ஸ் ஓடும் எட்டு மெஷினும் அப்படியே இருக்கட்டும். விண்டோஸ் 10 இருக்கும் மூன்றை இப்படியே இணையத்தில் தொடர்ந்து ஓட்டுவது சரியில்லை. மூன்று எஸ்.எஸ்.டி. வாங்கிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அவற்றையும் மின்ட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.

டேலிக்கும் டிசைனுக்கும் கைரேகைக் கருவிக்குமாக ஒரிஜினல் விண்டோஸோடு இரண்டு மெஷின் வாங்குங்கள். ஆறு வேண்டாம். 98,000 ரூபாயோடு முடியும். மீதி 1,96,000இல் யு.பி.எஸ். பேட்டரிகளை மாற்றிவிட்டு, மிச்சத்துக்கு ஏற்றபடி படகு வரியைக் குறையுங்கள், நாட்டுப்படகிலிருந்து ஆரம்பித்து.

அந்த இரண்டு மெஷினுக்கான கணக்கு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் நம்பரில் திறக்கப்பட வேண்டும். மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, தீர்மானப் புத்தகம் இருக்கும் பீரோவிலேயே பூட்டிவையுங்கள். மின்ட் மெஷின்களின் பாஸ்வேர்டுகளையும் அதே உறையில் வைக்கிறேன், நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் யாரும் தவிக்கக் கூடாது. இனி பிரிண்டரோ ஸ்கேனரோ எது வாங்கினாலும், இரண்டு சிஸ்டத்திலும் ஓடும் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். காப்பி விண்டோஸ் ஏற்ற யாரையும் மறுபடி உள்ளே விடாதீர்கள்.

படிப்பகக் குழுவில் இப்போது ஒன்பது பேர், அதில் படிப்பகத்துக்கு வந்து கம்ப்யூட்டர் தொடுபவர் ஒருவரும் இல்லை. பாசிப் பெண்கள் குழுவிலிருந்து ஒருவரையும், படிக்கும் பிள்ளைகளில் ஒருவரையும் சேர்க்க வேண்டும்.

தடைக்காலம் ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்குகிறது, அதற்குப் பிறகு படிப்பகத்தில் கூட்டம் தாங்காது. ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டம் போட்டு, தீர்மானத்தை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைப் படிப்பகத்திலேயே வையுங்கள். எட்டு மெஷினையும் ஆன் செய்து வைக்கிறேன். கடைக்காரரையும் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படிப்பகத்தின் சாயங்காலப் பொறுப்பாளர்